அப்பத்தா வழுக்கிய வீட்டில் மரத்தரை!

எங்க அப்பத்தா நடக்கிறதைப் பார்த்தா, சுவரோட ஏதோ ரகசியம் பேசிக்கிட்டே போற மாதிரி இருக்கும். வலது உள்ளங்கை சுவர்ல, இடது கையில தடி, கண்ணு ரெண்டும் தரையில. ரெண்டு வருஷத்துக்கு முந்தி இப்படி இல்லை. தை மாசம் எங்க சேவுகம்பட்டி சோலைமலை அழகர் பெருமாள் கோயில் விழாவுல வாழைப்பழம் சூறை விடுறப்ப, கூட்டத்துல புகுந்து நாலு பழத்தையாவது மடியில கட்டிக்கிட்டு வந்துடுற ஆளு அது!

வில்லன் யாருன்னா, எங்க வீட்டு டைல்ஸ். முகம் பார்த்துப் பவுடர் போடுற அளவுக்குப் பளபளா. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா வீடு கழுவி விட்டிருந்தாங்க. கொல்லைப்பக்கமிருந்து ஈரக்காலோட அப்பத்தா வந்தது. அவ்வளவுதான். இடுப்பு எலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் முடிஞ்சு, மூணு மாசம் கட்டில். எலும்பு கூடிருச்சு, பயம்தான் கூடலை. ராத்திரி தண்ணி குடிக்கக்கூட எழுந்திரிக்க மாட்டேங்குது.

சென்னையில ஐ.டி. கம்பெனியில இருக்கிற அக்கா போன மாசியில போன் பண்ணினா. “என் ஃப்ளாட்ல மரத்தரை போட்டிருக்காங்கடி. டைல்ஸை உடைக்கவே வேண்டாம், அது மேலயே ஒரே நாள்ல போட்டுரலாம். அப்பத்தாவுக்குப் போட்டுருவோம். காசு நான் அனுப்புறேன்.” அப்பா பேப்பரை மடிச்சு வெச்சுட்டு என்னைப் பார்த்தார். “நீ சிவில்தானே படிக்கிற? நீயே விசாரிச்சுச் சொல்லு.”

ஃப்ரெண்ட்ஸ், அஞ்சு செமஸ்டர் முடிச்சு, அரியர் எதுவும் இல்லாம நிக்கிற என்னை எங்க வீட்ல ஒரு இன்ஜினீயரா மதிச்ச முதல் சம்பவம் அதுதான். வயித்தைக் கலக்கிருச்சு. கான்கிரீட்ல கம்பி எத்தனைன்னு சொல்லுவேன். தரைக்கு என்னத்தைச் சொல்றது?

முதல் அதிர்ச்சி: அது மரமே இல்லை. சரியாச் சொன்னா, மரத்தோட போட்டோ! லேமினேட் பலகையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தா நாலு அடுக்கு இருக்கும். நடுவுல எச்.டி.எஃப். மரத்தை நாராக்கி, பசை சேர்த்து, சூட்டுல நசுக்கி எடுத்த அட்டை. அதுக்கு மேல தேக்கோ ஓக்கோ அச்சடிச்ச ஒரு பேப்பர். அந்தப் பேப்பருக்கு மேல மெலமைன் படலம், அதுக்குள்ள அலுமினியம் ஆக்சைடு துகள். உப்புத்தாள்ல ஒட்டியிருக்கிற அதே சரக்குதான். செருப்புத் தேய்மானத்தையும் மண் கீறலையும் தாங்குறது இந்தத் துகள்தான். அடியில இன்னொரு படலம். மேல மட்டும் படலம் இருந்தா பலகை வளைஞ்சிடும்னு, சமன் பண்ண.

இதைக் கண்டுபிடிச்சது ஸ்வீடன்ல இருக்கிற பெர்ஸ்டார்ப் கம்பெனி, 1977-ல. மேஜை மேல ஒட்டுற லேமினேட் ஷீட்டை ஏன் தரையில ஒட்டக் கூடாதுன்னு யோசிச்சிருக்காங்க. பெர்கோங்கிற பேர்ல அது 1984-ல கடைக்கு வந்துச்சு. அப்ப பலகைகளைப் பசை போட்டுத்தான் சேர்க்கணும். 1990-கள் கடைசியிலதான் ‘க்ளிக்’ பூட்டு வந்துச்சு. ஸ்வீடன்ல வாலிங்கே, பெல்ஜியத்துல யூனிலின் கொண்டு வந்த ஐடியா. பலகையைச் சாய்ச்சுச் சொருகி அமுக்கினா ‘டக்’. ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். தரை மொத்தமும் ஒரே பாய் மாதிரி, எதுலயும் ஒட்டாம மிதக்கும். அக்கா சொன்ன ‘டைல்ஸை உடைக்க வேண்டாம்’ங்கிறதோட ரகசியம் இதுதான்.

நிஜ மரத்தரைக்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினா கொடைக்கானல்ல பழைய பங்களாக்கள்ல பார்க்கலாம். அமெரிக்க மிஷனரிங்க அங்க முதல் பங்களாக்களைக் கட்டினது 1845-ல. குளிருக்கு மரம்தான் சரி. மரமும் கல்லும் ஒரே ரூம்ல ஒரே வெப்பநிலையில இருந்தாலும், கல்லு நம்ம கால் சூட்டை வேகமா உறிஞ்சிக்கும். அதான் ஜில்லுங்குது. மரம் மெதுவா எடுத்துக்கும். லேமினேட்டும் நாரால ஆனதால அப்படித்தான். மூட்டு வலிக்காரங்க மார்கழி விடியல்ல டைல்ஸ்ல கால் வெச்சுப் பார்த்தா இந்த பிசிக்ஸ் புத்தகமே இல்லாமப் புரியும்.

திண்டுக்கல் கடைக்கு நானும் அப்பாவும் போனோம். விற்பனைப் பையன் முதல் கேள்வி, “என்ன கலர் மேடம்?” அதைக் கடைசியா வெச்சுக்கோங்க. நாம முதல்ல கேட்க வேண்டியது, “ஏ.சி. எவ்வளவு?” அப்பா, “ஏ.சி. எல்லாம் வேண்டாம்ப்பா, ஃபேன் போதும்”னார். அந்த ஏ.சி. இல்லைப்பா! இது தேய்மான வகுப்பு. ஈ.என். 13329-ங்கிற ஐரோப்பிய விதிப்படி, உப்புத்தாள் சுத்தின சக்கரத்தைப் பலகை மேல ஓட்டி, டிசைன் தேய ஆரம்பிக்கிறது எத்தனையாவது சுற்றுலன்னு எண்ணுவாங்க. 2000 சுற்று தாண்டினா ஏ.சி.3, 4000 தாண்டினா ஏ.சி.4. வீட்டு பெட்ரூமுக்கு ஏ.சி.3 தாராளம். ஆனா எங்க ஊர் செம்மண்ணும் மணலும் கால்லயே ஒட்டிக்கிட்டு வர்ற சமாச்சாரம். நான் ஏ.சி.4-தான்னு பிடிவாதமா நின்னேன்.

அடுத்து கனம். 8 மில்லிமீட்டரும் இருக்கு, 12-ம் இருக்கு. கனமானது நடக்கும்போது ‘டொக் டொக்’னு கேட்காது, பூட்டும் உறுதியா இருக்கும். ஆனா கனம் கூடினா தண்ணியைத் தாங்கும்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அது தப்பு. அது நடுவுல இருக்கிற அட்டையோட தரத்தைப் பொறுத்தது. சதுர அடிக்கு 100 ரூபாய்லேர்ந்து 200 வரைக்கும் எங்களுக்கு விலை சொன்னாங்க. நாங்க எதையும் வாங்கலை. மூணு துண்டு சாம்பிள் மட்டும் வாங்கிட்டு வந்தோம்.

ஏன்னா, எனக்கு ஒரு திட்டம் இருந்துச்சு. மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் ஃப்ரெண்ட்கிட்ட வெர்னியர் காலிப்பர் கடன் வாங்கினேன். மூணு துண்டோட கனத்தையும் அளந்து, இட்லிக் குண்டான்ல தண்ணி ஊத்தி ஒரு ராத்திரி ஊறப் போட்டேன். (அம்மா என்னைத் திட்டினது தனிக் கட்டுரை.) காலையில ஒண்ணு ஓரத்துல ஒரு மில்லிமீட்டருக்கு மேல ஊதி, மேல் பேப்பர் உதடு மாதிரி பிளந்து நின்னுச்சு. ரெண்டாவது சுமார். மூணாவது கொஞ்சம்தான் வீங்கியிருந்துச்சு. விலையில அது நடுவாந்தரம்! காஸ்ட்லியானதுதான் நல்லதுன்னு இருந்த என் தியரி இட்லிக் குண்டான்லயே மூழ்கிருச்சு. இதே மாதிரி 24 மணி நேரம் ஊற வெச்சு வீக்கம் பார்க்கிற சோதனை அந்த ஐரோப்பிய விதியிலயும் இருக்கு. அட்டைப்பெட்டி மேல இல்லைன்னாலும், கம்பெனியோட விவரத்தாள்ல சதவீதம் போட்டிருப்பாங்க. கேட்டு வாங்குங்க. கூடவே ‘ஈ1’னு இருக்கான்னும் பாருங்க. பசையில இருக்கிற ஃபார்மால்டிஹைடு எவ்வளவு வெளிய வரலாம்ங்கிறதுக்கான வரம்பு அது. ஜன்னல் சாத்தின ரூம்ல வயசானவங்க நாள் முழுக்கப் படுத்திருக்கப் போறாங்கன்னா, கலரை விட இது முக்கியம்.

இதுக்கு நடுவுல திண்டுக்கல்ல இருக்கிற சித்தி வீட்டுக்குப் போனேன். அவங்க வீட்ல ஏற்கெனவே லேமினேட். உள்ளே போனதும் “என்ன சித்தி, சிறுமலையை வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டீங்க?”ன்னு கேட்டுட்டேன். ஹால் நடுவுல தரை கூடாரம் மாதிரி எழும்பி நிக்குது! போட்டவங்க அவசரத்துல சுவரோட ஒட்டிப் போட்டிருக்காங்க. மரநார் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சா விரியும், காஞ்சா சுருங்கும். விரியறப்போ சுவர் இடிக்குது. பக்கத்துல இடம் இல்லாதப்ப மேலதானே போகும்? சுத்திலும் 8-லேர்ந்து 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங் பட்டையால மறைக்கணும். அந்தப் பட்டையையும் சுவர்ல அடிக்கணும், தரையில இல்லை. பொறியாளர் பாஷையில இதுக்கு எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்னு பேர். பாலத்துல பஸ் போறப்ப ‘தடக்’னு ஒரு சத்தம் கேட்குமே, அதே விஷயம்தான்.

ஊருக்குத் திரும்பினதும் அடுத்த டெஸ்ட். ஒன்றரை அடி சதுரத்துல பாலிதீன் ஷீட்டை அப்பத்தா ரூம்ல நாலு இடத்துல விரிச்சு, நாலு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுட்டேன். தரைக்குள்ள ஈரம் இருந்தா பாலிதீனுக்கு அடியில பனி கோக்கும். குறைஞ்சது 16 மணி நேரம் விடணும். மூணு இடத்துல சுத்தம். நாலாவது, ஜன்னல் மூலையில, முத்து முத்தா வேர்த்திருந்துச்சு.

அப்பா வெளியே போய்ப் பார்த்தார். அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம்தான் எங்க தண்ணித் தொட்டி. அடியில மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல். எத்தனை வருஷமாக் கசியுதோ! கூடவே சுவரோரம் கரையான் மண் தடம் வேற. லேமினேட் நாரும் கரையானுக்குச் சோறுதான். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. டெஸ்ட் போடாமப் பலகை வாங்கிப் போட்டிருந்தா, அக்காவோட காசு ஒரே மழைக்காலத்துல காலி. அதைவிட மோசம், மூலை ஊதி மேடாகி அப்பத்தா கால் தட்டியிருக்கும்.

தொட்டியைக் கொத்தனார் வந்து பூசினார். சுவரும் தரையும் சேர்ற ஓரம் நெடுக ஓட்டை போட்டுக் கரையான் மருந்து ஏத்தினாங்க. கட்டி முடிச்ச வீட்டுக்கு இதை எப்படிச் செய்யணும்னு ஐ.எஸ். 6313-லயே இருக்கு. புதுசா வீடு கட்டுறவங்க அஸ்திவாரத்துலயே செஞ்சுடலாம், நாங்க இப்பத்தான் முழிச்சோம். அப்புறம் மூணு வாரம் காத்திருந்து, திரும்பவும் பாலிதீன். இந்தத் தடவை நாலுமே சுத்தம்.

இனிதான் பெரிய சண்டை. அக்கா, “ஹாலுக்கும் சேர்த்துப் போட்டுருவோம்”ங்கிறா. அம்மா, “வெள்ளிக்கிழமை எப்படிக் கழுவுறது?”ங்கிறாங்க. லேமினேட்டைக் கழுவக் கூடாது. குடத்தைக் கவுத்து, தண்ணியை விளக்கமாத்தால தள்ளிவிடுற நம்ம ஊர்ப் பழக்கத்துக்கும் அதுக்கும் ஏழாம் பொருத்தம். ஒட்டப் பிழிஞ்ச துணியில துடைக்கலாம், அவ்வளவுதான். “கழுவாத தரை என்ன தரை?”ன்னு அப்பத்தா கட்டில்லேர்ந்தே தீர்ப்புச் சொல்லிருச்சு. கல்யாணமாகி வந்தப்ப சாணி மெழுகின மண் தரை, அப்புறம் சிவப்புப் பொடி கலந்து மெழுகின சிமென்ட் தரை, இப்ப டைல்ஸ்னு மூணையும் பார்த்த ஆளு. சிவப்புத் தரை மேல அதுக்கு இன்னும் காதல். “அது வழுவழுன்னு இருக்கும், ஆனா வழுக்காது”னு அடிக்கடி சொல்லும். எனக்கென்னவோ காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கல்லு ஞாபகம் வரும். கண்ணாடித் தகடு மேல கலர் சிமென்ட்டை ஊத்தி, சூளையில சுடாமலே, கையாலேயே செய்யற கல்லு. ஹாலுக்கு அது போடலாம்னா மறுபடி எல்லாத்தையும் உடைக்கணும். ஆசை அங்கேயே நின்னுருச்சு.

நான் சொன்ன முடிவு இதான். ஹாலுக்கு லேமினேட் வேண்டாம். அங்க தண்ணி புழங்கும், திருவிழாவுக்கு வர்ற சொந்தக்காரங்க சேத்துக் காலோட வருவாங்க. அதோட, லேமினேட்டும் ஈரமானா வழுக்கத்தான் செய்யும். ‘விழுந்தா அடி படாது’னு கடையில சொன்னதையும் நம்பாதீங்க, அடியில இருக்கிற ஃபோம் வெறும் 2 மில்லிமீட்டர். அப்பத்தா ரூமுக்கு மட்டும் போடுவோம். அங்க தண்ணி வராது, கால் ஜில்லுனு இருக்காது, மரவரி புடைப்பாத் தெரியற சொரசொர ரகமாப் பார்த்து எடுத்தா காஞ்ச காலுக்குப் பிடிப்பும் இருக்கும். ஹால்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் சுவர்ல ஒரு ஸ்டீல் கைப்பிடி. (சுண்ணாம்புக்கல் பொடியும் பி.வி.சி.யும் கலந்து செய்யற எஸ்.பி.சி. பலகைன்னு ஒண்ணு இருக்கு. தண்ணியும் ஒண்ணும் பண்ணாது, கரையானும் தொடாது. ஹாலுக்கு என்னிக்காவது மாத்தினா என் ஓட்டு அதுக்குத்தான்.) அக்கா போன்ல ‘ம்’னா. அந்த ‘ம்’ல கொஞ்சம் கோபம் இருந்துச்சு.

பலகைப் பெட்டிங்க வந்து ரெண்டு நாள் அப்பத்தா ரூம்லயே படுத்த வாக்குல கிடந்துச்சு. 48 மணி நேரம் அந்த ரூம் காத்துக்குப் பழகணும். மூணாம் நாள் திண்டுக்கல்லேர்ந்து ரெண்டு அண்ணன்கள் வந்தாங்க. முதல்ல ரெண்டு மீட்டர் மட்டப்பலகையை வெச்சு மேடு பள்ளம் பார்த்தாங்க. 3 மில்லிமீட்டருக்கு மேல பள்ளம் இருந்தா நிரப்பியாகணும், இல்லைன்னா நடக்க நடக்கப் பூட்டு உடைஞ்சிடும். பாலிதீன், அது மேல ஃபோம், சுவரோரம் மரஆப்பு.

இங்க என் கணக்கு ஒண்ணு ஜெயிச்சுச்சு. ரூம் அகலம் 278 சென்டிமீட்டர். ரெண்டு பக்கமும் இடைவெளி போக 276. பலகை அகலம் 19.5. வகுத்துப் பாருங்க, 14 வரிசை போக மிச்சம் 3 சென்டிமீட்டர். கடைசி வரிசை ரிப்பன் மாதிரி வரும், பூட்டும் நிக்காது, பார்க்கவும் அசிங்கம். அதனால முதல் வரிசையையே 11.2-ஆ அறுத்துட்டு ஆரம்பிச்சா கடைசி வரிசை 11.3. “பரவாயில்லையே தங்கச்சி”ன்னார் பெரிய அண்ணன். பக்கத்துப் பக்கத்து வரிசையில குறுக்கு மூட்டு நேருக்கு நேர் வராம, ஒரு அடியாவது தள்ளித் தள்ளி. செங்கல் கட்டுமானம் மாதிரியேதான். மதியச் சாப்பாட்டுக்குள்ள முக்கால் ரூம் முடிஞ்சிருச்சு. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன்.

அப்புறம் கதவைச் சாத்தப் போனா, ‘க்ர்ர்ர்’. தட்டுது!

பலகை 8, ஃபோம் 2. தரை 10 மில்லிமீட்டர் உசந்திருக்கு. ஈரம், கரையான், வரிசைக் கணக்குன்னு எல்லாம் பார்த்த நான் இதைப் பார்க்கலை. கதவுப் பிரச்னை சின்னது. கீலைக் கழட்டி அடியில இழைச்சு மாட்டிட்டாங்க. ஆனா வாசல் நிலையில ரூம் தரைக்கும் ஹால் தரைக்கும் நடுவுல ஒரு சென்டிமீட்டர் படி. தடியோட காலை இழுத்து இழுத்து நடக்கிற ஒரு ஆளுக்கு ஒரு சென்டிமீட்டர் போதும். வழுக்கி விழக் கூடாதுன்னு ஆரம்பிச்ச வேலையில, தடுக்கி விழ ஒரு இடத்தை நானே போட்டு வெச்சிருக்கேன். கை நடுங்கிருச்சு. அண்ணன்கள் கொண்டு வந்திருந்தது ரெண்டு பக்கமும் சமமா உட்கார்ற பட்டை, அது உதவாது. ஒரு பக்கம் சரிவா இறங்குற பட்டை வேணும்னு சொல்லி, அப்பா பைக்ல திண்டுக்கல் போய், அகலமா இறங்குற ஒண்ணைத் தேடி வாங்கிட்டு வந்து சேர்றதுக்குள்ள ராத்திரி எட்டு. வேணும்னே டைல்ஸ் கலருக்கு மாறா, கறுப்பா வாங்கச் சொன்னேன், அப்பத்தா கண்ணுக்குத் தெரியணும்ல. ரூம்ல ஏற்கெனவே வேலை நடக்கிற வீட்டுக்காரங்க கவனிக்க: கதவுக்கு அடியில இருக்கிற சந்தை முதல்லயே அளந்துடுங்க.

இப்ப ரெண்டு மாசம் ஆச்சு. தினம் மென்மையான விளக்கமாறு, வாரம் ஒரு தடவை பிழிஞ்ச துணி. மெழுகு, பாலிஷ் எதுவும் கூடாது, அந்தப் படலத்துக்குள்ள அது இறங்காது, மேலேயே நின்னு வழுக்கும். கட்டில் காலுக்கு அடியில ஃபெல்ட் வில்லை ஒட்டியிருக்கோம். முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம் ரெண்டு சொட்டு சிந்துறதுதான் ஒரே தலைவலி. உடனே துடைக்கணும், இல்லைன்னா ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துடுவோம். வெத்தலை எச்சில் பித்தளைக் கும்பாவுல மட்டும்னு அப்பத்தாகிட்ட ஒப்பந்தம். ஒரு தடவை மீறிருச்சு. ஈரத்துணியில துடைச்சதும் போயிருச்சு, கறை நிக்கலை. அந்த மெலமைன் படலத்துக்கு என் கையால நூறு மார்க்.

போன வெள்ளிக்கிழமை காலேஜ் லீவு. அம்மா ஹால்ல குடத்தைக் கவுத்துக் கழுவிக்கிட்டு இருந்தாங்க. தண்ணி மெல்ல அந்தக் கறுப்புப் பட்டையை நோக்கி வருது. ரூமுக்குள்ளேர்ந்து ஒரு சத்தம்: “ஏத்தா, அங்கனயே நிப்பாட்டு! எம்பேத்தி போட்ட தரை!” எட்டிப் பார்த்தேன். அப்பத்தா ரூம் நடுவுல நின்னுக்கிட்டு இருந்துச்சு. தடி கட்டில்ல கிடக்கு. கை ரெண்டும் இடுப்புல.